96ஆவது ஆஸ்கர் நாமினேஷன்: பார்பிக்கு அநியாயம் நடந்ததா, மார்ச் 10 யாரு ஜெயிப்பாங்க?

(இது 2024 மார்ச் 10 விழாவுக்கு முன்னாடி எழுதினது.) இந்த வருஷ ஆஸ்கர் நாமினேஷன் லிஸ்ட் நியாயமா இருக்கா, பார்பி டைரக்டர் க்ரெட்டா கெர்விக்கையும் ஹீரோயின் மார்கோ ராபியையும் விட்டது சரியா, கடைசில யாரு ஜெயிப்பாங்கன்னு மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. மூணுக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு. யாரு வோட்டு போடுறாங்க, எப்படி எண்ணுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி கோபம் போயிடும், மீதி கோபம் சரியான ஆள் மேல திரும்பும். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

2024 ஜனவரி 23 லிஸ்ட் வந்துச்சு. ஓப்பன்ஹைமர் 13, புவர் திங்ஸ் 11, கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன் 10, பார்பி 8, மேஸ்ட்ரோ 7. பார்பி ஒண்ணும் வெறுங்கையோட போகல, பெஸ்ட் பிக்சர்ல இருக்கு, ஸ்க்ரீன்ப்ளேல இருக்கு, ரயன் காஸ்லிங் இருக்காரு, அமெரிக்கா ஃபெரேரா இருக்காங்க, பாட்டுக்கு மட்டும் ரெண்டு. ஆனா அன்னிக்கு முழுக்க எல்லாரும் பேசினது இல்லாத ரெண்டு பேரை பத்திதான், பெஸ்ட் டைரக்டர்ல க்ரெட்டா கெர்விக் இல்ல, பெஸ்ட் ஆக்ட்ரஸ்ல மார்கோ ராபி இல்ல. காஸ்லிங்கே அவங்க ரெண்டு பேருக்கும் கிடைக்காதது பெரிய ஏமாற்றம்னு அறிக்கை விட்டாரு.

இப்ப முறைக்கு வருவோம். ஆஸ்கர் கொடுக்குற அகாடமில வோட்டு போடுற மெம்பர்ஸ் ஒன்பதாயிரத்துக்கு மேல. ஆனா நாமினேஷன் கட்டத்துல எல்லாரும் எல்லாத்துக்கும் போட முடியாது. டைரக்டர் நாமினேஷனை டைரக்டர்ஸ் பிரிவு மட்டும் முடிவு பண்ணும், நடிப்பை நடிகர்கள் பிரிவு, எடிட்டிங்கை எடிட்டர்ஸ். பெஸ்ட் பிக்சர் நாமினேஷன் மட்டும்தான் எல்லாரும் சேர்ந்து போடுறது. அதுவும் ஆளுக்கொரு டிக் அடிக்கிற வேலை கிடையாது, 1, 2, 3னு வரிசைப்படுத்தி எழுதணும். ஒருத்தருக்கு முதல் இடத்து வோட்டு ஆறுல ஒரு பங்குக்கு மேல வந்துட்டா அஞ்சு இடத்துல ஒண்ணு அவருக்கு உறுதி. முதல் இடம் சுத்தமா கிடைக்காதவங்க முதல்லயே வெளிய போயிடுவாங்க. இதோட விளைவு என்னன்னா, நூறு பேருக்கு 'பரவால்ல, நல்லா இருந்துச்சு'ன்னு நாலாவது அஞ்சாவது இடத்துல பிடிச்ச டைரக்டரை விட, இருபது பேருக்கு உயிரா பிடிச்ச டைரக்டர் சுலபமா உள்ள வந்துடுவாரு.

டைரக்டர்ஸ் கில்ட், அதாவது டிஜிஏ, பல ஆயிரம் பேர் இருக்கிற சங்கம், டிவி ஆளுங்களும் அதுல உண்டு. அவங்க நாமினேட் பண்ண அஞ்சு பேர் நோலன் (ஓப்பன்ஹைமர்), ஸ்கோர்செஸி (கில்லர்ஸ்), லாந்திமோஸ் (புவர் திங்ஸ்), அலெக்ஸாண்டர் பெய்ன் (த ஹோல்டோவர்ஸ்), கெர்விக். அகாடமி டைரக்டர்ஸ் பிரிவு ரொம்ப சின்னது, அதுல வெளிநாட்டு டைரக்டர்கள் நிறைய. அவங்க பெய்னையும் கெர்விக்கையும் எடுத்துட்டு அனாட்டமி ஆஃப் எ ஃபால் எடுத்த ஜஸ்டீன் ட்ரியேவையும் த ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட் எடுத்த ஜொனாதன் க்ளேசரையும் வச்சாங்க. இது இந்த வருஷம் திடீர்னு நடந்தது கிடையாது, கொஞ்சம் பின்னாடி போய் பாருங்க. போன வருஷம் டாப் கன் மேவரிக் டைரக்டர் கோசின்ஸ்கி டிஜிஏல இருந்தாரு, ஆஸ்கர்ல அவர் இடத்துக்கு ட்ரையாங்கிள் ஆஃப் சாட்னஸ் எடுத்த ரூபன் ஆஸ்ட்லண்ட் வந்தாரு. அதுக்கு முந்தின வருஷம் டியூன் பத்து நாமினேஷன் வாங்குச்சு, ஆனா டெனி வில்னவ் பேர் மட்டும் டைரக்டர் லிஸ்ட்ல இல்ல, அங்க ட்ரைவ் மை கார் எடுத்த ஹமாகுச்சி இருந்தாரு. அதுக்கும் முன்னாடி டென்மார்க்கோட தாமஸ் வின்டர்பெர்க், 2018 படங்களுக்கான லிஸ்ட்ல போலந்தோட பாவ்லிகோவ்ஸ்கி. பெரிய வசூல் படத்தோட டைரக்டரை இறக்கிட்டு ஐரோப்பாவுலயோ ஆசியாவுலயோ எடுத்த ஒரு படத்தோட டைரக்டரை ஏத்துறது அந்த பிரிவோட வழக்கமாவே ஆயிடுச்சு. அந்த வரிசையிலதான் கெர்விக் மாட்டினாங்க.

என் கருத்து கேட்டா, கெர்விக் அந்த அஞ்சுல இருந்திருக்கணும். ஒரு பொம்மை கம்பெனியோட பொம்மையை வச்சு, அந்த பொம்மையோட பேர்லயே, இவ்ளோ சொந்தக் குரலோட ஒரு படம் எடுத்து அது 140 கோடி டாலருக்கு மேல வசூல் பண்றது சாதாரண டைரக்‌ஷன் வேலை கிடையாது. காமெடின்னா வேலை கம்மின்னு ஒரு நினைப்பு அங்க ரொம்ப நாளா இருக்கு, அது மேல எனக்கு கோபம் உண்டு. ஆனா யாரை எடுத்துட்டு கெர்விக்கை வைக்கணும்னு கேட்டா ட்ரியேயையோ க்ளேசரையோ நான் கை காட்ட மாட்டேன், லாந்திமோஸை எடுத்திருப்பேன். 'பொம்பளைங்களை ஒதுக்கிட்டாங்க'ன்னு எழுதின பல பேர் ட்ரியேவும் பொம்பளைதான்னு ஒரு வரி கூட எழுதல, அது எனக்கு கஷ்டமா இருந்துச்சு. கேன்ஸ் விழால தங்கப்பனைங்கிற முதல் பரிசு வாங்கின படம், அதை எடுத்தவங்க பேரை ஒரு தரம் கூட சொல்லாம எப்படி பெண்களுக்காக பேசுறது? பாஸ்ட் லைவ்ஸ் செலீன் சாங்கோட முதல் படம், அதுவும் பெஸ்ட் பிக்சர்ல இருக்கு. பார்பி, அனாட்டமி, பாஸ்ட் லைவ்ஸ்னு பெண்கள் இயக்கின மூணு படம் ஒரே வருஷம் அந்த லிஸ்ட்ல வர்றது இதுதான் முதல் தடவை, அதை யாரும் கொண்டாடவே இல்ல.

மார்கோ ராபி விஷயம் வேற. நடிகர் சங்கம், அதாவது சாக், அவங்க லிஸ்ட்ல ராபி இருந்தாங்க, ஆஸ்கர்ல அந்த இடம் சான்ட்ரா ஹூல்லருக்கு போச்சு. அனாட்டமியில ஹூல்லர் கோர்ட்ல உக்காந்து, தனக்கு அவ்ளோ சரளமா வராத பிரெஞ்சுல ஆரம்பிச்சு முடியாம இங்கிலீஷுக்கு மாறுற அந்த நிலைமை, அந்த பொம்பளை கொன்னாளா இல்லையான்னு கடைசி வரை நம்ம மனசு ஊசலாடுற மாதிரி ஒரு நடிப்பு, அதுக்கு இடம் கொடுத்தது சரிதான்னு நான் நினைக்கிறேன். ராபி பார்பியோட புரொட்யூசரும்கூட, அதனால பெஸ்ட் பிக்சர் நாமினேஷன்ல அவங்க பேர் இருக்கு.

நிஜமாவே விடுபட்டவங்கன்னு நான் வருத்தப்படுறது வேற ஆளுங்களுக்கு. 'மே டிசம்பர்' படத்துல சார்ல்ஸ் மெல்டன், வளர்ந்த உடம்புக்குள்ள வளராம நின்னு போன ஒரு பையனை காட்டினாரு, பேரே வரல. ஆல் ஆஃப் அஸ் ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஒரு நாமினேஷன் கூட வாங்கல. அதுல நடிச்ச ஆண்ட்ரூ ஸ்காட்டை விட்டுட்டு மேஸ்ட்ரோ பிராட்லி கூப்பரை வச்சதை என்னால ஒத்துக்கவே முடியல.

வெளிநாட்டு பட பிரிவுல இன்னொரு கூத்து. அங்க ஒரு நாட்டுக்கு ஒரு படம்தான். பிரான்ஸ் அனாட்டமியை அனுப்பாம த டேஸ்ட் ஆஃப் திங்ஸை அனுப்புச்சு, அது கடைசி அஞ்சுக்கு வரவே இல்ல, அனுப்பாத படம் அஞ்சு நாமினேஷன் வாங்கிட்டு நிக்குது. ட்ரியே கேன்ஸ் மேடையிலேயே பென்ஷன் விவகாரத்துல பிரெஞ்சு அரசாங்கத்தை திட்டினதுதான் காரணமோன்னு அப்பவே பேச்சு இருந்துச்சு. நமக்கு இது புதுசு கிடையாது, 2022ல ஆர்ஆர்ஆரை விட்டுட்டு செல்லோ ஷோவை அனுப்பினோம், நாட்டு நாட்டு தனியா போய் ஆஸ்கர் வாங்கிட்டு வந்துச்சு. இந்த தடவை நம்ம சைடுல போனது கேரள வெள்ளத்தை பத்தின '2018'ங்கிற படம், ஷார்ட்லிஸ்ட்டுக்கே வரல. வெளிநாட்டு பட விருது ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்டுக்குத்தான், அந்த அஞ்சுல அது மட்டும்தான் பெஸ்ட் பிக்சர்லயும் இருக்கு. பெர்ஃபெக்ட் டேஸ் எனக்கு ரொம்ப நெருக்கமான படம், ஆனா ஜெயிக்காது.

சரி, இப்ப ஜெயிக்கிறவங்க. இங்க கணக்கு தலைகீழா மாறுது. நாமினேஷன்ல சில பேருக்கு உயிரா பிடிச்சா போதும், ஃபைனல்ல எல்லா மெம்பரும் எல்லா பிரிவுக்கும் வோட்டு போடலாம். பெஸ்ட் பிக்சருக்கு மட்டும் பத்து படத்தையும் வரிசைப்படுத்தணும், எந்தப் படமும் பாதியைத் தாண்டலைன்னா கடைசியா இருக்கிற படத்தை எடுத்துட்டு அந்த வோட்டை அடுத்த இடத்துல எழுதின படத்துக்கு கொடுப்பாங்க, இப்படியே பாதிக்கு மேல ஒரு படம் போற வரைக்கும். அதனால யாரும் பெருசா வெறுக்காத படம் ஜெயிக்கும். 2022 விழால பவர் ஆஃப் த டாக் 12 நாமினேஷன் வச்சிருந்துச்சு, மூணே மூணு வச்சிருந்த கோடா ஜெயிச்சதுக்கு இந்த முறையும் ஒரு காரணம்.

இந்த வருஷம் அப்படி ஒரு அதிர்ச்சி வராது. ஓப்பன்ஹைமரை வெறுக்கிற ஆள் அகாடமில கம்மி. டெக்னீஷியனுக்கு பிடிக்கும், நடிகனுக்கு பிடிக்கும் ஏன்னா அவ்ளோ பேருக்கு வேலை இருக்கு, தியேட்டர் நம்பி பொழைக்கிறவனுக்கும் பிடிக்கும், ஏன்னா மூணு மணி நேரம் ஆளுங்க உக்காந்து பேசுற படம் 95 கோடி டாலர் வசூல் பண்ணுச்சு. ஆஸ்கருக்கு முன்னாடி வர்ற விருதுகள், கோல்டன் குளோப், க்ரிட்டிக்ஸ் சாய்ஸ், பிரிட்டனோட பாஃப்டா, டிஜிஏ, சாக், புரொட்யூசர்ஸ் கில்ட், எதையும் விட்டு வைக்கல. நோலனுக்கு டைரக்டர் விருதும் உறுதி. மெமென்டோ, இன்செப்ஷன், டன்கிர்க்னு நாமினேஷன் வரைக்கும் போய் திரும்பின மனுஷன், இந்த விழாவுக்கு முன்னாடி வரைக்கும் ஒரு ஆஸ்கர் கூட கையில இல்ல. எனக்கு அவரோட எல்லா படமும் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன், டெனட் எனக்கு ஒட்டவே இல்ல, ஆனா ட்ரினிட்டி அணுகுண்டு வெடிப்புல வெளிச்சம் வந்து, சத்தம் வராம, மூச்சு மட்டும் கேக்குற அந்த நேரம் இருக்கே, அதை தியேட்டர்ல பார்த்தவங்களுக்கு இந்த விருது ஏன்னு விளக்கவே வேண்டாம். ஸ்கோர்செஸி 81 வயசுல பத்தாவது தடவையா டைரக்டர் நாமினேஷன் வாங்கியிருக்காரு, அந்த வயசுல இந்த பிரிவுல வேற யாரும் வந்தது கிடையாது, அவருக்கு கிடைச்சாலும் எனக்கு சந்தோஷம்தான்.

நடிகர்ல ஒரு நேரம் த ஹோல்டோவர்ஸ் பால் ஜியாமட்டி முன்னாடி போற மாதிரி இருந்துச்சு, க்ரிட்டிக்ஸ் சாய்ஸ் வாங்கினாரு. ஆனா பாஃப்டாவும் சாக்கும் ஓப்பன்ஹைமர் ஹீரோ கிலியன் மர்ஃபிக்கு போனதும் முடிஞ்சுது. துணை நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியர், துணை நடிகை த ஹோல்டோவர்ஸ் டேவைன் ஜாய் ராண்டால்ஃப், இந்த ரெண்டுலயும் போட்டியே இல்ல. ராண்டால்ஃப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், வியட்நாம்ல மகனை பறிகொடுத்துட்டு அடுத்தவன் பசங்களுக்கு சமைச்சு போட்டுக்கிட்டு இருக்கிற அந்த மேரி, அழுற சீனை விட அழாம டிவி பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற சீன்லதான் நம்மளை உடைக்கிறா.

இந்த வருஷத்தோட நிஜமான சண்டை பெஸ்ட் ஆக்ட்ரஸ்தான். கில்லர்ஸ் லிலி கிளாட்ஸ்டனா, புவர் திங்ஸ் எம்மா ஸ்டோனா. குளோப்ல டிராமாவுக்கு கிளாட்ஸ்டன், காமெடிக்கு ஸ்டோன். க்ரிட்டிக்ஸ் சாய்ஸ், பாஃப்டா ஸ்டோன். சாக் கிளாட்ஸ்டன். பாஃப்டால கிளாட்ஸ்டன் நாமினேட் கூட ஆகல, அதனால அங்க நேருக்கு நேர் மோதலே நடக்கல, அதை மறக்காதீங்க.

முன்ன நடந்ததை பார்த்தா ரெண்டு பக்கமும் உதாரணம் இருக்கு. 2019ல க்ளென் க்ளோஸ் சாக் வாங்கினாங்க, ஒலிவியா கோல்மன் பாஃப்டா வாங்கினாங்க, ஆஸ்கர் கோல்மனுக்கு. 2021ல வயோலா டேவிஸ் சாக், மெக்டார்மண்ட் பாஃப்டா, ஆஸ்கர் மெக்டார்மண்டுக்கு. போன வருஷம் மிஷேல் யோ சாக் வாங்கி, பாஃப்டா வாங்கின கேட் ப்ளான்ஷெட்டை ஆஸ்கர்ல தாண்டினாங்க. ஆனா யோவோட படம் அன்னிக்கு பெஸ்ட் பிக்சரையே தூக்குச்சு, பின்னாடி ஒரு அலை இருந்துச்சு. கில்லர்ஸுக்கு அந்த அலை இல்ல. பத்து நாமினேஷன் வந்தாலும் ஸ்க்ரீன்ப்ளேல இல்ல, டிகாப்ரியோ பேர் இல்ல. சாக்ல வோட்டு போடுறது ஒரு லட்சத்துக்கு மேல அமெரிக்க நடிகருங்க, அகாடமில அமெரிக்காவுக்கு வெளிய இருக்கிறவங்க கணிசமா இருக்காங்க. ஒசேஜ் மக்களோட எண்ணெய் நிலத்துக்காக அவங்களை ஒவ்வொருத்தரா கொன்ன கதை அமெரிக்காவுல இருக்கிறவங்க மனசாட்சியை தொடுற அளவுக்கு பாரிஸ்லயும் லண்டன்லயும் தொடுமான்னு எனக்கு சந்தேகம். அதோட கிளாட்ஸ்டனை துணை நடிகைல நிறுத்தாம லீட்ல நிறுத்தினாங்க, படத்தோட பிற்பாதில பாதி நேரம் அவங்க படுக்கைல இருக்காங்க, ஸ்டோன் புவர் திங்ஸ்ல கிட்டத்தட்ட எல்லா சீன்லயும் இருக்காங்க, கைக்குழந்தை மாதிரி தடுமாறி நடக்குறதுல ஆரம்பிச்சு முழு மனுஷியா நிமிர்ற வரைக்கும் கண்ணுக்கு தெரியிற உழைப்பு.

அதனால என் ப்ரெடிக்‌ஷன் எம்மா ஸ்டோன், நூலிழை வித்தியாசத்துல. ஆனா எனக்கு வோட்டு இருந்தா யோசிக்காம கிளாட்ஸ்டனுக்கு போடுவேன். கில்லர்ஸ் கடைசில புருஷன் ஏர்னஸ்ட் கிட்ட 'எனக்கு என்ன ஊசி போட்டே'ன்னு மாலி, அதாவது கிளாட்ஸ்டன், கேக்குறா, அவன் இன்சுலின்னு சொல்றான், அவ ஒண்ணும் பேசாம எழுந்து போறா. அதுக்கு முன்னாடி அவன் முகத்தை பாக்குற ரெண்டு மூணு நொடில, 206 நிமிஷ படத்தோட மொத்த பாரமும் இருக்கு. ஒரு பூர்வகுடி அமெரிக்க நடிகை பெஸ்ட் ஆக்ட்ரஸுக்கு நாமினேட் ஆகுறது இதுவே முதல் தடவை, தொண்ணூத்தாறு விழா ஆகியிருக்கு அதுக்கு. அதுக்காக மட்டும் விருது கொடுக்க சொல்லல, அந்த நடிப்புக்காகத்தான் சொல்றேன்.

ஒரிஜினல் ஸ்க்ரீன்ப்ளே அனாட்டமி. புருஷன் ரகசியமா ரெக்கார்ட் பண்ணி வச்ச சண்டையை கோர்ட்ல போட்டு காட்டுற சீன் ஒண்ணு போதும். ஏற்கனவே இருக்கிற கதையை தழுவி எழுதினதுக்கான அடாப்டட் பிரிவுல பார்பியை கொண்டு போய் போட்டது எனக்கு புரியவே இல்ல. ரைட்டர்ஸ் கில்ட் ஒரிஜினல்னு சொன்ன ஸ்க்ரிப்டை அகாடமி அடாப்டட்னு மாத்துச்சு, ஒரு பொம்மையில எந்த கதை இருந்துச்சு எடுத்து மாத்துறதுக்கு? அந்த பிரிவுல அமெரிக்கன் ஃபிக்‌ஷன் பாஃப்டாவும் க்ரிட்டிக்ஸ் சாய்ஸும் வாங்கிடுச்சு, ஆஸ்கரும் அதுக்குத்தான்.

கேமரா, எடிட்டிங், பேக்கிரவுண்ட் ஸ்கோர் மூணும் ஓப்பன்ஹைமர். ப்ரொடக்‌ஷன் டிசைன் புவர் திங்ஸ், காஸ்ட்யூம் பார்பி, மேக்கப் மேஸ்ட்ரோ. பாட்டு பில்லி ஐலிஷ். விஷுவல் எஃபெக்ட்ஸ் காட்ஸில்லா மைனஸ் ஒன்னுக்கு போகணும், டைரக்டர் யமசாகியே எஃபெக்ட்ஸ் சூப்பர்வைசரா இருந்து, ஹாலிவுட்ல சாப்பாட்டு செலவுக்கு பத்துமாங்கிற மாதிரி பட்ஜெட்ல அந்த கடலை கொண்டு வந்தாரு. அனிமேஷன்ல அமெரிக்கால ஸ்பைடர்வெர்ஸ் பக்கம்தான் பேச்சு, ஆனா அது பாதி கதையில நிக்குது, நான் மியாசாகியோட த பாய் அண்ட் த ஹெரான் பக்கம்.

சவுண்டு பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நிறைய பேர் கண்ணை மூடிக்கிட்டு ஓப்பன்ஹைமர்னு போடுறாங்க. ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்ல ஆஷ்விட்ஸ் முகாம் சுவருக்கு இந்தப் பக்கம் கமாண்டன்ட் ஹோஸ் குடும்பம் தோட்டம் போட்டு, குழந்தைங்க நீச்சல் அடிச்சு, சந்தோஷமா வாழுறதுதான் படம். சுவருக்கு அந்தப் பக்கம் நடக்குற கொலைகளை கேமரா காட்டவே காட்டாது. தூரத்துல துப்பாக்கி சத்தம், யாரோ கத்துறது, ஓயாம ஓடுற உலையோட உறுமல், எல்லாமே காதுக்கு மட்டும்தான். ஜானி பர்ன் பண்ணின அந்த ஒலி வேலைதான் படத்தோட ரெண்டாவது பாதி கதையே, அதை எடுத்துட்டா ஒரு குடும்பம் சாப்பிடுறதும் தூங்குறதும்தான் மிஞ்சும். பாஃப்டா இதை புரிஞ்சுக்கிட்டு கொடுத்தாங்க, ஆஸ்கரும் கொடுக்கும்னு நம்புறேன். மொத்தத்துல ஓப்பன்ஹைமருக்கு ஏழு விருது என் கணக்கு, சவுண்டும் அங்க போனா எட்டு.

டாக்குமென்டரில 20 டேஸ் இன் மரியுபோல் ஜெயிக்கும், அந்த உக்ரைன் ஊர் ரஷ்ய முற்றுகைல இருக்கும்போது உள்ளயே நின்னு எடுத்த படம், அதுக்கு எதிரா யாரும் வோட்டு போட மாட்டாங்க. ஆனா அதே லிஸ்ட்ல டு கில் எ டைகர் இருக்கு, கனடா படம், நிஷா பஹுஜா எடுத்தது, கதை நடக்கிறது ஜார்க்கண்ட் கிராமத்துல. 13 வயசு மகளுக்கு நடந்த கொடுமைக்கு ஊரே 'சமாதானமா போயிடு'ன்னு நெருக்கும்போது, கேஸை வாபஸ் வாங்க மாட்டேன்னு நிக்கிற ஒரு விவசாயி அப்பா. நம்ம ஊர்ல ஆஸ்கர் பத்தி இவ்ளோ பேசுறோம், இந்த படத்தை பத்தி ஒரு மீம் கூட நான் பார்க்கல. விழா நமக்கு மார்ச் 11 திங்கக்கிழமை விடிகாலை நாலரைக்கு ஆரம்பிக்குது, அதுக்குள்ள இந்த லிஸ்ட்ல ஒரே ஒரு படம்தான் பார்க்க டைம் இருக்குன்னா இதை தேடி பாருங்க.